ஆரல்

கோத்தகிரியில் மூன்று நாளாக மழை.
நான்கரை ஜிபி இறங்க
இரண்டு இரவும் ஒரு பகலும் பிடித்தது.
நடுவில் எங்கோ மரம் விழுந்து கரண்ட் போய்
எண்பத்தொரு சதவீதத்தில் நின்ற நீலக்கோடு
விளக்கு வந்ததும்
ஒன்றிலிருந்து தொடங்கியது.
கீழே கேஸ் அடுப்பு பழுது பார்க்கும் இம்தியாஸ்
படியில் ஏறும்போதெல்லாம்
"இறங்கிருச்சாண்ணே?" என்றான்
காய்ச்சல் விசாரிப்பதுபோல்.

இறங்கியது.

புதிய பதிப்பில் பொத்தான்கள் இடம் மாறிவிட்டன.
வாடகை வீடு மாறிய முதல் இரவில்
சுவிட்சைத் தேடும் கையாகிவிட்டது என் கை.
தாளத்தில் மனிதத் தடுமாற்றம் சேர்க்க ஒரு திருகு,
சுழியத்திலிருந்து நூறு வரை.
அதை இத்தனை வருஷம்
இலவசமாகத்தான் கொடுத்துக்கொண்டிருந்தேன்.
பதிவை அழுத்த மறந்தாலும்
கடைசி ஐந்து நிமிஷத்தை
அதுவே பிடித்து வைத்திருக்குமாம்.
அப்புறம் அந்தப் பிரிப்பான்:
கலந்து கிடப்பதில்
குரல் வேறு, இரைச்சல் வேறு.

ஜூனில் யோகராணி பாடியதை எடுத்தேன்.
டான்டீயில் கொளுந்து எடைக் கணக்கு எழுதுகிறவர்.
சொந்த வரி, சொந்த மெட்டு,
மூன்று தவணையில் பணம், இரண்டு வந்தாயிற்று.
அன்று தகரக் கூரையில் கொட்டோ கொட்டென்று கொட்டியது.
இன்னொரு நாள் வாங்கக்கா என்றேன்.
இன்னொரு நாள் லீவு ஏது என்று
மைக்கை இழுத்துக்கொண்டார்.

அட்டைபோல் நகர்ந்து முடிந்தது கோடு.

முதல் தடத்தில் குரல்.
ஒரு சொட்டு மழை இல்லை.
இவ்வளவு காய்ந்த யோகராணியை
நான் கேட்டதே இல்லை.
"சாரல் வந்து சன்னல் தட்ட"
என்று பாடியவர்
"ஆரல் வந்து அன்னல் தட்ட"
என்று பாடிக்கொண்டிருந்தார்.
சகரத்தையெல்லாம் மழை என்று எண்ணி
வாரிக்கொண்டு போயிருக்கிறது.
ஆறாயிரம் அடி உயரத்தில்
சேறு தேடி வந்து
சன்னல் தட்டுகிறது ஒரு மீன்.

இரண்டாம் தடத்துக்கு
இரைச்சல் என்று பேர் வைத்திருந்தது.
தகரம் முழுக்க மழை.
உள்ளே அங்கங்கே ஒரு ச், ஒரு ஸ்,
அடி எடுக்குமுன் இழுத்த மூச்சு,
உதடு பிரியும் சின்ன ஈரச் சத்தம்.
சொல் என்று ஒன்றுகூட இல்லை.
ஆனாலும் அவர்தான்.

ஞாயிற்றுக்கிழமை வந்தார்.
குடையை வாசலில் சாய்த்துவிட்டு
ஹெட்போனை மாட்டினார்.
"ஆரலா?"
சிரித்த சிரிப்பில்
இம்தியாஸ் மேலே எட்டிப் பார்த்தான்.
"அப்ப நான் மழைக்குள்ள இருக்கேனா? போடுங்க."

நாலு நிமிஷமும்
மேசையில் முழங்கை ஊன்றி
மழையை மட்டும் கேட்டார்.
"மூச்சு இவ்வளவா வாங்குறேன்?"

பிறகு ஹெட்போன் வயரைச் சுற்றிக்கொண்டே சொன்னார்:
"எங்க எடையிலயும் இப்படித்தான்.
இலை நனைஞ்சிருந்தா
ஈரத்துக்குன்னு கிலோ கழிப்பாங்க.
அதுல கொளுந்தும் கொஞ்சம் சேர்ந்துதான் போகும்."
"கேக்கமாட்டாங்களா?"
"கேப்பாங்க.
கழிச்சு எழுதுறது நான்தான்."

இம்தியாஸின் சுத்தியல் சத்தம் மட்டும்
கொஞ்ச நேரம் கேட்டது.

மழையை எத்தனை சதவீதம் திரும்பச் சேர்க்கட்டும் என்றேன்.
"ச மட்டும் எடுத்துத் தர முடியுமா?"
அந்த வசதி இன்னும் வரவில்லை.
அப்படியென்றால் பழையதே இருக்கட்டும் என்று
நாலு மணி பஸ்ஸுக்கு ஓடினார்.
மூன்றாம் தவணையை
அவரும் எடுக்கவில்லை, நானும் கேட்கவில்லை.

அணைக்கப்போன நேரம்
மூலையில் ஓர் அம்புக்குறி மினுங்கியது.
மைக் திறந்தே இருந்திருக்கிறது.
கடைசி ஐந்து நிமிஷம்:
சுற்றிய வயர் மேசையில் உரசுவது,
சுத்தியல்,
எழுதுறது நான்தான்,
மேலே புதிதாகப் பிடித்த தூறல்.
சேமிக்கவா, விடவா?

கோப்புக்குப் பேர் கேட்டது.
ச என்று அடித்து
மேற்கொண்டு ஒன்றும் தோன்றாமல்
அப்படியே விட்டேன்.