டிசம்பர் பூ, இணைப்பு எண் வாரியாக

இந்த ஊரில் குளிர்காலம் வந்ததை
முதலில் அறிவது மீட்டர்தான்.
ஏசி ஓய்ந்து, ஃபேன் ஐந்திலிருந்து இரண்டுக்கு இறங்கி
அறுநூறு ஓடிய வீட்டில் இருநூற்றுச் சொச்சம்.
அட்டையில் குறித்துவிட்டுத் திரும்பும்போது
சுற்றுச்சுவர் ஓரம் பார்ப்பேன்.
பூத்திருக்கும்.

டிசம்பர் பூவுக்கு வாசனை கிடையாது.
அதனாலோ என்னவோ
ஊதா என்று ஒரே சொல்லில் முடித்துவிடுகிறார்கள்.
ஒரே ஊதாவா?
செம்பியத்தில் இருப்பது நாவல்பழம் தின்ற நாக்கு.
அகரத்தில், அக்கா போட்டுத் தங்கைக்கு வந்த பாவாடை.
ஜமாலியா சந்தில் ஒன்று
விடியும்போது நீலம்,
பத்து மணிக்கு மேல் மனம் மாறும்.

ஒரு கிளை கேட்பேன்.
விரல் நீளம் போதும், கணுவுக்குக் கீழே சாய்வாக.
பெரும்பாலும் தந்துவிடுவார்கள்.
மீட்டர் பார்க்க வருகிறவளை யார் பகைத்துக்கொள்வார்கள்?
அதுவும் எனக்குத் தெரிந்துதான் கேட்டேன்.

மொட்டைமாடியில் இப்போது முப்பத்தேழு.
பெயிண்ட் வாளி, காது போன குக்கர்,
பழைய ஃபிரிட்ஜின் காய்கறிப் பெட்டி.
பெயர் வைக்கத் தெரியாது எனக்கு.
ஐஸ் குச்சியில் அந்தந்த வீட்டு
இணைப்பு எண்ணை எழுதிச் செருகிவிடுவேன்.
வெயிலில் மை போகும். எண் போகாது.
"ஒரே பூவுக்கு முப்பத்தேழு தொட்டியா?" என்பார்
கோதண்டம், தண்ணீர்ப் பைப்பைச் சுருட்டியபடி.

ஒரு தெருவுக்கு இரண்டு மாதத்துக்கு ஒருமுறைதான்.
ஒற்றைப்படைத் தெருக்களை
நவம்பரில் மொட்டாகப் பார்ப்பேன்,
ஜனவரியில் வெடித்த காயாக.
அவற்றின் டிசம்பர்
என் கணக்கில் இல்லவே இல்லை.

ஃப்ளேவியா ஆன்ட்டி வீடு இரட்டைப்படை.
பேரக்ஸ் ரோட்டுக்குப் பின்னால், பச்சைக் கேட்.
போன டிசம்பர் பதினொன்றாம் தேதி அங்கே
ஒரு வெள்ளை.
அதில் ஒரே ஓர் இதழில் மட்டும் ஊதாக் கோடு.
ஐந்து இதழிலும் தீற்றிய வரிப்பூ ஊரெல்லாம் உண்டு.
இது அதில்லை.
கையெழுத்துப் போட உட்கார்ந்தவர்
பாதியில் எழுந்து போனது மாதிரி.

கேட்டேன்.
"கிறிஸ்துமஸ் முடியட்டும்."
கிறிஸ்துமஸ் முடிந்து நான் வருவது பிப்ரவரியில்.
அட்டை எடுக்க உள்ளே போனார்.
நகத்தால் கிள்ளினேன்.
ஈரக் கைக்குட்டையில் சுற்றி
டிபன் பாக்ஸுக்கும் ரசீதுக்கும் நடுவே வைத்தேன்.
அன்று மீதி வீடுகளில்
ஒவ்வோர் எண்ணையும் இருமுறை படித்தேன்.

வேர் விட்டது.
மே மாதம் இலை உதிர்த்து மிரட்டியது.
பிழைத்தது.
இந்த டிசம்பர் நான்காம் தேதி, காலை ஐந்தரை,
டார்ச் அடித்துப் பார்த்தேன்.
வெள்ளை.
மறுநாளும்.
ஒரு வாரம் சுத்த வெள்ளை,
தப்புத்தண்டா எதுவும் தெரியாத வெள்ளை.

பதினொன்றாம் தேதி பச்சைக் கேட்.
அண்ணாந்து மீட்டரைப் படிக்கிறேன்.
நூற்று நாற்பத்திரண்டு யூனிட்.
"உன்னுதுல கோடு வந்துச்சா?"
பின்னாலிருந்து கேட்கிறார்.
பேனா அட்டையில் நின்றுவிட்டது.
"இல்ல ஆன்ட்டி."
"எனக்கும் இல்ல."

செடிப் பக்கம் நடந்தார். நானும் போனேன்.
ஒவ்வொரு பூவாகத் திருப்பிப் பார்த்தோம்,
இலைக்கு அடியில் இருந்ததை,
சுவரைப் பார்த்துச் சாய்ந்திருந்ததை.
எறும்புதான் இருந்தது.
"ஒரே ஒரு கெளை. அந்த ஒரு வருஷம்" என்றார்.
பிறகு, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு,
"நீ கிள்ளினது பக்கத்துக் கெளை."

இரவு குச்சியைப் பிடுங்கி
அந்த எண்ணுக்குக் கீழே எழுதினேன்:
கோடு, நிலுவை.
கீழே வந்தால் மேஜைமேல்
டார்ச்சுக்குப் புது பேட்டரி இரண்டு.
கோதண்டம் டிவியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.