எழுத அனுமதி

நீதிபதி எல்லாவற்றையும் பிரித்துக் கொடுத்தார்,
கம்ப்யூட்டரைத் தவிர.
அது பட்டியலில் இல்லை. நாங்களும் நினைவுபடுத்தவில்லை.

வீடும் அப்படித்தான். குட்டாயிசியில்
நான்காம் மாடி வீடு ஒன்றை விற்று
இரண்டு வீடு வாங்க முடியாது.
ராமாசுக்கு ரியோனி ஆறு தெரியும் அறை,
எனக்கு கணப்பு இருக்கும் அறை.
நடுவில், பூட்ஸ் கழற்றும் இடத்துக்குப் பக்கத்தில்
கம்ப்யூட்டர்.

திரையில் இரண்டு வட்டம், இரண்டு பெயர்.
அவன் கணக்கு. என் கணக்கு.
கணக்குத் தீர்த்துக்கொண்டவர்களுக்கு
இத்தனை கணக்கு எதற்கு நெஸ்தான் என்று
கீழ்வீட்டு லமாரா சிரித்தாள்.

பாட்டுகள் மட்டும் பிரிய மறுத்தன.
முந்நூற்றுப் பன்னிரண்டு தட்டுகள்.
ஒரு மழைக்காலம் முழுக்க அவன் ஒவ்வொன்றாய்ச் செருக
உறையைப் பார்த்து நான் பெயர் அடித்தேன்.
எழுத்துப்பிழைகள் எல்லாம் என்னுடையவை.

லமாராவின் மகன் கோச்சா வந்தான்.
'ஒரே நூலகம் போதும், அத்தை.'
பொது ஃபோல்டர் ஒன்று திறந்து
அத்தனையையும் அங்கே குடிவைத்தான்.
பழைய இடத்தில், இரு பக்கமும்,
ஓர் அம்புக்குறி மட்டும்: அங்கே போய்க் கேள்.
கூலி, ஒரு பை வால்நட்.

முதல் வாரம் என்னால் கேட்க மட்டுமே முடிந்தது.
நட்சத்திரம் போட்டால் ஒட்டாது.
வரிசையை மாற்றினால் மறுநாள் பழையபடி.
'படிக்க மட்டும்' என்றது என் கணக்கு.
பதினோரு வருடம் அப்படித்தானே இருந்தேன் என்று
வாய்வரை வந்தது.
குளிர்பெட்டிக் கதவில் சீட்டு ஒட்டினேன்:
எனக்கும் எழுத அனுமதி வேண்டும்.
காலையில் அதன் கீழே, பென்சிலில்:
கொடுத்தாயிற்று.

பிறகு சண்டை, நட்சத்திரங்களில்.
அவன் ஐந்து போட்ட அக்கார்டியனுக்கு நான் இரண்டு.
மறுநாள் ஐந்து. மறுநாள் ஒன்று.
பேச்சு இல்லாத வீட்டில்
இது கொஞ்சம் பேச்சுதான்.

சில நாள் பிளேயர் திறக்காது.
'நூலகத்தை வேறொருவர் பயன்படுத்துகிறார்.'
மூடாமல் விட்டுவிட்டு தூங்கப் போயிருப்பான்.
கதவைத் தட்டுவேன்.
'மூடிட்டுப் போ, ராமாஸ்.'
'மறந்துட்டேன்.'
அந்த வருடம் நாங்கள் அதிகம் பேசிய வாக்கியங்கள்
இவை இரண்டும்தான்.

ரொட்டிக்கடைக்கு நான் எழுவது மூன்றரைக்கு.
ஒருநாள் கண்ணில் பட்டது:
தடம் பத்தொன்பது. ஏதோ பியானோ,
நடுவில் கூட்டத்தில் யாரோ இருமுவார்கள்.
கேட்ட தடவை: நாற்பத்தொன்று.
கடைசியாகக் கேட்டது: இரவு 2:14.
நான் அதை ஒருமுறைகூடப் போட்டதில்லை.

அந்தக் கச்சேரிக்குப் போயிருந்தோம்.
இருமியது நான்.
காய்ச்சலோடு போனதற்கு
வழிநெடுகத் திட்டினான்.

யாருக்கும் தெரியாமல் எண்ணைப் பூஜ்யமாக்கலாம்.
எழுத அனுமதி இருந்தது.
கை எடுத்துக்கொண்டு மாவு பிசையப் போனேன்.

பிப்ரவரியில் அவனுக்கு பட்டூமியில் வேலை கிடைத்தது,
துறைமுகத்தில். ஒரு வன்தட்டு வாங்கி வந்தான்.
'கம்ப்யூட்டர் உனக்கே. இதை மட்டும் நகலெடுத்துக்கறேன்.'
மீதமுள்ள நேரம்: இரண்டு மணி நாற்பது நிமிடம்.
எழுந்து போவது எப்படி என்று
இருவருக்கும் தெரியவில்லை.
நாற்காலி போட்டு உட்கார்ந்து
பச்சைக் கோடு நீள்வதைப் பார்த்தோம்.
ஓடும் பெயர்களில் ஒன்றைக் காட்டி
'இங்கே ஓர் எழுத்து விட்டுப்போச்சு,
திருத்திடவா?' என்றான்.
'உன் நகலில் திருத்திக்கோ.'
'வேண்டாம், இருக்கட்டும்.'

நடுவில் மின்சாரம் போனது.
மறுபடி முதலிலிருந்து.

அவன் போன இரவு
தடம் பத்தொன்பதைத் தேடினேன்.
பூட்டியிருப்பதாக எந்தச் செய்தியும் வரவில்லை.
உடனே திறந்தது.
இருமல் வரும்வரை காத்திருந்தேன், வந்தது.
நாற்பத்திரண்டு,
இந்தப் பக்கம் மட்டும்.