விசுவாசி

மாதா கோயில் நூற்றாண்டு மலருக்கு
ஒரு பக்கம் கேட்டார்கள்.
காப்பாரின் பழைய விசுவாசக் குடும்பங்களில்
நாங்கள் மூன்றாவதாம்.
முந்நூறு சொல், ஒரு படம்,
வெள்ளிக்கிழமைக்குள்.

படம் இருந்தது.
கோட்டுப் பையிலிருந்து சங்கிலி வளைய
அப்பாவின் தாத்தா,
ஆறாங்கட்டைத் தோட்டத்துத் தைரியநாதன் கிராணி.
சங்கிலி முனையில் துரை கொடுத்த கடிகாரம்.
எதற்குக் கொடுத்தார் என்று
வீட்டில் யாரும் கேட்டதில்லை.
அது ஓடியும் பார்த்ததில்லை.

ஞானஸ்நானப் பதிவேட்டில் அவர் பெயருக்கு
லத்தீன் வால் முளைத்திருந்தது.
செக்ரோலில் ஒரு சுழி குறைந்து
தெரியநாதன்.
நாகப்பட்டினத்துக் கப்பல் தாளில்
வயது இருபத்திரண்டு, இடது புருவத்தில் தழும்பு,
தொழில் என்ற இடத்தில் வெறும் கோடு.
மூன்று பேரையும் ஒரே ஆளாக்க
நான்கு சனிக்கிழமை பிடித்தது எனக்கு.
கோலாலம்பூர் போக வர டோல் வேறு.

ஐந்தாவது சனிக்கிழமை
காப்பகத்து ஹஸ்லினா
பழுப்புக் கோப்பொன்றை மேசையில் வைத்து
பேனாவைப் பிடுங்கிக்கொண்டு பென்சில் தந்தாள்.

நாற்பத்தொன்று, மே.
பால்வாளிகள் கவிழ்ந்து கிடந்த மாதம்.
துரையின் தட்டச்சுக் குறிப்பு ஒரே வரி:
கிராணி விசுவாசமானவர்.
அதன் அடியில் குண்டூசி குத்தி
தமிழில், கையால் எழுதிய தாள்.
பதினோரு பெயர்.
லயத்தின் எண், அறையின் எண்,
கூட்டம் போட்டவன்,
கொடி பிடித்தவன்,
துரை எதிரே வந்தும்
சைக்கிளை விட்டு இறங்காதவன்.

கையொப்பம் இல்லை.
தேவைப்படவும் இல்லை.
பழனியாண்டி, அழகர், சோழமுத்து
என்று வந்த இடமெல்லாம்
ழகரத்தின் வால் கீழே இறங்கி
இடப்பக்கம் ஒதுங்கி
ஒருமுறை திரும்பிப் பார்த்து நின்றது.
அப்பாவின் ழ அப்படித்தான் நிற்கும்.
எழில் என்று நான் கையெழுத்துப் போட்டாலும்
அதே இறக்கம், அதே திரும்பல்.
யாரும் சொல்லித் தந்ததில்லை.

ஒன்பதாவது பெயர் இன்னாசி.
இந்தப் பெயரை எங்கேயோ பார்த்தேனே என்று
கைப்பேசியில் எடுத்த படங்களைத் தள்ளித் தள்ளி
பின்னால் போனேன்.
முப்பத்தெட்டு, ஞானஸ்நானப் பதிவேடு:
தைரியநாதனின் தலைப்பிள்ளை.
ஏந்திக்கொண்ட ஞானத்தந்தை இன்னாசி,
பால்மரம் வெட்டுபவர்.
பிள்ளைக்கும் அந்தப் பெயரே வைத்தார்கள்.
அந்தப் பிள்ளை என் தாத்தா.
அப்பாவின் அடையாள அட்டையில்
பெயருக்குப் பின்னால் இன்றும் நிற்பவர்.

ஒன்பதாவது பெயருக்கு எதிரே
வேறு மசியில், வேறு கையில்:
நாடு கடத்தப்பட்டார், ஜூலை.
அவர் மனைவி செசிலி மட்டும்
செக்ரோலில் தொடர்கிறாள்,
புல்வெட்டு, அரைக்கூலி.
பிறகு ஜப்பான்காரன் காலம்,
பிறகு பக்கமே இல்லை.
மிரட்டினார்களா, அரிசியா, பயமா,
இல்லை எழுதும் கை எழுதியே தீருமா?
கோப்பில் அதற்குக் கட்டம் போடவில்லை.

ஆறாங்கட்டையில் இப்போது
ரப்பரும் இல்லை, செம்பனையும் இல்லை.
கொள்கலன்கள் அடுக்கி வைத்திருக்கிறார்கள்,
லயம் மாதிரியே, எண் போட்டு.

வியாழன் இரவு
இருநூற்றுத் தொண்ணூறு சொல் ஆகியிருந்தது.
விசுவாசம் என்று ஏழு இடத்தில் எழுதியிருந்தேன்.
ஆறை அழித்தேன்.
மிச்சம் ஒன்று எந்த அர்த்தத்தில் நிற்கிறது என்று
எனக்கே தெரியவில்லை.
மலரில் எங்களுக்கு அடுத்த பக்கம்
செசிலியின் பேரப்பிள்ளைகளுக்கு.

ஸ்டேஷன் சாலை டயர் கடையில்
ராயப்பன் இரும்புக் கதவைப் பாதி இறக்கியிருந்தான்.
தாள் என் பையில் இருந்தது.
"என்னக்கா, காத்துப் பாக்கணுமா?"
ஆமாம் என்றேன்.
நான்கு சக்கரத்துக்கும் குனிந்து குனிந்து பார்த்தான்.
"எல்லாம் சரியாத்தான இருக்கு."
ஸ்டெப்னியையும் பார் என்றேன்.