பருப்பு வேகாத தண்ணீர்

விளாங்குடியில் பார்த்த வீட்டில்
ஹாலை அளக்கவில்லை, ஜன்னலை எண்ணவில்லை.
அடுப்படிக் குழாயைத் திறந்து
கொண்டுபோன பாட்டிலில் இரண்டு லிட்டர்
பிடித்துக்கொண்டேன்.
புரோக்கர் மாயக்கண்ணன் இருளப்பனைப் பார்த்தார்.
இருளப்பன் ஃபேனைப் பார்த்தான்.

போர் தண்ணீர்.
அழுது முடித்தபின் உதட்டோரம் இருக்குமே
அந்தக் கரிப்பு.

வாடகை ஒன்பதாயிரம்.
அட்வான்ஸ் அறுபது, பேசினால் ஐம்பது.
கரண்டுக்குத் தனி மீட்டர், யூனிட் ஒன்பது ரூபாய்.
வீட்டுக்காரர் மின்வாரியத்தில் முப்பது வருஷம் இருந்தவர்,
விலை தெரியாமல் சொல்லவில்லை.
பெட்ரூமுக்குக் கதவு இருக்கிறது. பூட்டுகிறது.
மூன்று முறை சாத்தித் திறந்து பார்த்தேன்,
தாழ்ப்பாளைச் சோதிப்பவள் போல.

செல்லூரில் எங்களுக்கு ஆறரை.
ஒரே அறை, அதற்குள்
பீரோவால் பிரித்த இன்னொரு அறை.
பீரோவுக்கு அந்தப் பக்கம்
பன்னிரண்டு வயது இதழினி தூங்கிவிட்டாளா என்று
மூச்சை எண்ணிய பிறகுதான்
நாங்கள் சண்டை போடுவதும்.
கீழ்வீட்டு ரஹ்மத் அக்கா ஐந்நூறு கூட்டினார்கள்.
கூட்டிய அன்றே ஒரு கிண்ணம் ஆணம் கொடுத்துவிட்டார்கள்.
கோபத்தை எங்கே வைப்பதென்று தெரியவில்லை.

சிம்மக்கல் லேபுக்கு இங்கிருந்து நடைதான்,
பாலம் ஏறி இறங்கினால் இருபது நிமிஷம்.
அங்கிருந்து என்றால் பஸ்.
பெண்களுக்கு டிக்கெட் இல்லை, சரி,
பஸ் வருவதற்குள் போகிற அரைமணிக்கு
யார் காசு கொடுப்பது?

"ஆனி அடியெடாதே, கூனி குடிபுகாதே.
வைகாசிக்குள்ள ஒரு வார்த்தை சொல்லிருங்கக்கா,
ரெண்டு பார்ட்டி நிக்குது."
அந்த இரண்டு பார்ட்டியை நான் நம்பவில்லை.
ஆனாலும் கனவில் வந்தார்கள்,
பால் பாத்திரத்தோடும் குத்துவிளக்கோடும்.

வீட்டுக்காரர் கேட்டார்.
எத்தனை பேர்? மூன்று.
வண்டி? ஒரு எக்செல்.
கறி மீன்? ஞாயிற்றுக்கிழமை.
பூர்வீகம் எந்தப் பக்கம்?
இருளப்பன் ஊர்ப்பேரைச் சொன்னான்.
"அந்த ஊர்ல எந்தத் தெரு?"
அவன் சொல்லச் சொல்ல
நான் பாட்டில் மூடியை இறுக்கிக்கொண்டிருந்தேன்,
அது இறுகிய பிறகும்.
"கலந்துக்கிட்டுச் சொல்றேன்" என்றார்.
யாரோடு என்று சொல்லவில்லை.
வீட்டைப் பார்க்கத்தான் போயிருந்தோம்.

ராத்திரி அந்தத் தண்ணீரில் துவரம்பருப்பு வைத்தேன்.
நாலு விசில். ஆறு. ஒன்பது.
கடைந்தால் மணல் மாதிரி மத்தில் நெருநெருத்தது.
"பரவால்லம்மா, கேன் தண்ணி வாங்கிக்கலாம்"
என்றாள் இதழினி, ரொம்ப வேகமாக.
அவளும் அந்தக் கதவைப் பார்த்திருக்கிறாள்.

சித்திரையிலிருந்தே மூட்டை அரிசி வாங்குவதில்லை,
ஐந்து ஐந்து கிலோதான்.
உப்பு அரை. மிளகாய் கால்.
தூக்குகிற நாளில் கனக்கக் கூடாதென்று.
காலண்டர் ஆணி ஆடுகிறது, அடிக்கவில்லை.
கிழிந்த கொசுவலைகூட
"அங்கே போய்" என்று கிழிந்தபடி கிடக்கிறது.

வைகாசி முடிய நாலு நாள் இருக்கையில்
மாயக்கண்ணன் போன்.
சரியென்று விட்டாராம்.
"அட்வான்ஸ் மட்டும் எண்பது கேக்குறாரு,
உங்களுக்குன்னா."
அந்தக் கடைசி வார்த்தையை
ரத்தக் குழாய்கள் அடுக்கும் தட்டில் வைத்து
இரண்டு நாள் லேபில் சுமந்தேன்.
இருளப்பனிடம் சொல்லவில்லை.

மூன்றாம் நாள் சாயங்காலம்
எக்செல்லின் முன்னால் நிறுத்தி
இருபத்தைந்து கிலோ மூட்டை கொண்டுவந்தான்.
பத்தொன்பது படி. நடுவில் இறக்கவில்லை.
அடுப்படியில் வைத்துவிட்டு
"ஆஃபர் போட்டிருந்தான்" என்றான், முகம் பார்க்காமல்.
அவனுக்கும் போன் போயிருக்கும்.

இதழினி மூட்டையைப் பார்த்தாள்.
பீரோவுக்கு அந்தப் பக்கம் போனாள்.

இன்றைக்கு லேப் விட்டு வரும் வழியில்
மரக்கடையில் விசாரித்தேன்,
பீரோவை ஒட்டி ஒரு பிளைவுட் தடுப்பும் கதவும்
என்ன ஆகும் என்று.
நாலாயிரத்து இருநூறு. தாழ்ப்பாள் தனி.
ரஹ்மத் அக்காவிடம் இன்னும் கேட்கவில்லை.