எங்க போறதுக்கு?

பணகுடிக்குத் தெற்கே நாற்பத்தொரு காற்றாலை.
ஒவ்வொன்றின் காலடியிலும் ஒரு பெட்டி,
பெட்டிக்குள் உள்ளங்கை அகலக் கணினி.
அது தன் முகவரியைத் தானே சொல்ல வேண்டும்.
அவ்வளவுதான் வேலை.
செவ்வாய்க்குள் முடியும் என்று
மேலாளரிடம் சொன்னதும் நான்தான்.

கட்டுப்பாட்டு அறையில் விண்டோஸ்,
கோபுரத்தடியில் லினக்ஸ்,
என் மடியில் மேக்.
மூன்றிலும் ஒரே நிரல் ஓட வேண்டும்.

உன் பெயர் என்ன என்றேன். சொன்னது.
அந்தப் பெயருக்கு முகவரி?
127.0.1.1 என்றது பெட்டி.
அதாவது, நான் என்னிடம் இருக்கிறேன்.
பொய்யில்லை.
நாற்பத்தொன்றும் அதையே சொன்னால்
நின்றுபோன காற்றாடியை
எந்தக் காட்டுக்குள் போய்த் தேட?

விண்டோஸ் வாயாடி.
ஒன்று கேட்டால் ஐந்து சொல்லும்:
கம்பிக்கு ஒன்று, கம்பியில்லாததற்கு ஒன்று,
எவனோ நிறுவி மறந்த மெய்நிகர் இயந்திரத்துக்கு இரண்டு,
யாரும் கொடுக்காததால்
தானே சூட்டிக்கொண்ட 169 ஒன்று.
மேக்கிலோ அட்டையின் பெயரே வேறு.
விண்டோஸ் என்றால் இப்படி, இல்லையென்றால் அப்படி,
அதுவும் இல்லையென்றால்...
திங்கள் இரவு பதினொன்றரைக்கு என் நிரல்
திருச்செந்தூர் போகும் கடைசி பஸ்.
ஏறியவர் யார், தொங்குபவர் யார், தெரியவில்லை.

ஜன்னலில் ஆனி மாசக் காற்று அறைந்தது.
இரவுப் பணிப் பால்துரை எட்டிப் பார்த்தான்.
"ஏன் யக்கா, தான் இருக்க இடம்
மெசினுக்கே தெரியாதா?"
உன் விலாசம் என்னடே என்றேன்.
"ரேசன் கார்டுல காவல்கிணறு.
ஆதார்ல மாமனார் வீடு, வடக்கன்குளம்.
தூங்குறது இங்கன."
கொஞ்சம் யோசித்துவிட்டு,
"எங்க போறதுக்குக் கேக்கிய?"

அவன் டீ போடப் போய்விட்டான்.
நான் எழுதியதையெல்லாம் அழித்தேன்.

ஒரு யுடிபி சாக்கெட் திறந்து
திருநெல்வேலி அலுவலகத்து சர்வரை நோக்கி
'இணை' என்றேன்.
ஒரு பைட்டும் அனுப்பவில்லை.
அங்கே ஆள் உண்டா என்று விசாரிக்கவும் இல்லை.
இயந்திரம் செருப்பை மாட்டிக்கொண்டு
புறப்படுகிற வாசலில் வந்து நின்றது.
இப்போது கேட்டேன்,
எந்த வாசலில் நிற்கிறாய்?

10.20.4.17.

மூன்று இயந்திரத்திலும் ஒரே பத்து வரி.
கோபுரங்களுக்கு அனுப்பினேன்.
நாற்பது பதில் வந்தது.
இருபத்துமூன்று பேசவில்லை.

விடியும் முன்னே பைக்கில் போனோம்.
உடைமரம் இரண்டு பக்கமும் கையைக் கீறியது.
பால்துரை டார்ச் பிடிக்க,
பெட்டியில் நேரடியாகக் கேபிள் சொருகிக் கேட்டேன்.
நிரல் ஓடத்தான் செய்தது.
'போக வழியில்லை' என்று சொல்லி நின்றது.

கம்பியை அணில் கடித்திருந்தது.
மேலே மூன்று இறக்கையும்
கணவாய்க் காற்றில் முழுவேகம்,
யாரிடமும் சொல்லாமல்.