பேச்சுக்கூலி

பிசான நடவுக்கு ரயிலேறி வந்தவர்கள் பதினோரு பேர்.
சேரன்மகாதேவி ஸ்டேஷனில் மூட்டையை இறக்கும்போதே
ஊர் அவர்களுக்குப் பெயர் வைத்துவிட்டது,
ஹிந்திக்காரன் என்று.
அவர்கள் பேசுவது வங்காளம்,
இரண்டு தடவை சொல்லிப் பார்த்தேன்.
"எல்லாம் ஒண்ணுதாம்ல" என்றார் டீக்கடைக்காரர்,
ஆற்றிய டீயை விட்டுக் கண்ணெடுக்காமல்.

சூரத்தில் சாயப்பட்டறையில் நான்கு வருஷம்
நானும் அந்த எல்லாத்தில் ஒன்று.
அங்கே என் பெயர் மதராசி.
மாசானம் என்று சொல்லிக்கொடுத்தேன்,
மசாலா என்றான் மேஸ்திரி. பட்டறையே சிரித்தது.
ஆனால் ஒருத்தன்கூட
எந்தத் தெரு என்று கேட்டதில்லை.
சொன்னாலும் அவனுக்குத் தெரு விளங்காது.
அந்த வசவின் நிழலில்
கொஞ்சகாலம் காலை நீட்டி உட்கார்ந்திருந்தேன்.

அங்கே பொறுக்கிய ஹிந்திக்கு
இங்கே நாளுக்கு நூறு ரூபாய் கூடுதல்.
டிராக்டர் ஓட்டுவதற்கு ஒரு கூலி.
வயக்காரருக்கும் அவர்களுக்கும் நடுவில்
வாயாக இருப்பதற்கு ஒரு கூலி.

கயிறு பிடித்து நட்டார்கள்.
கன்னடியன் கால்வாய்த் தண்ணீர்
அவர்கள் கெண்டைக்காலையும் சேறாக்கியது, வித்தியாசமில்லாமல்.
வரப்பில் நின்ற பேச்சியம்மாள்
"நம்ம சோத்துல மண்ணு" என்றாள்.
"நல்லாத்தான் நடுதானுவ" என்றாள்.
இரண்டும் ஒரே மூச்சில்.

மூன்றாம் நாள் வெயிலில்
நிதாய்க்குத் தலை சுற்றியது.
"உள்ள வந்து உக்காரச் சொல்லு" என்றாள்
வயக்காரர் வீட்டு அக்கா.
அடுக்களை வாசல்வரை போனான்.
செம்பு நிறைய நீராகாரம்.
அந்தச் செம்பை முப்பத்திரண்டு வருஷமாக எனக்குத் தெரியும்,
முருங்கை மரத்தடியில் நின்று தெரியும்.
அங்கே எனக்கு வருவது பேப்பர் கப்.
அப்பாவுக்குச் சிரட்டை.
கப்பில் ரோசாப்பூப் படம் போட்டிருக்கிறது.

நிதாய் என்ன ஆளு என்று
அவர்களுக்குத் தெரியாது.
தெரியாதது ஒரு சட்டை,
மாட்டிக்கொண்டால் உள்ளே போய்விடலாம்.
நான் இந்த ஊரில்
அம்மணமாகப் பிறந்தவன்.

ஐந்தாம் நாள் கூலிக்கணக்கு.
ஆதார் கார்டைத் தள்ளிப் பிடித்து வாசித்தார் வயக்காரர்.
"நிதாய் பவுரி.
பவுரின்னா என்னல?
அவன் ஊர்ல அவன் என்ன ஆளுன்னு கேளு."

கேட்டேன்.
ஹிந்தி அவனுக்கும் இரவல், எனக்கும் இரவல்.
அவன் சொன்னான்.
கிணறு. கோயில் வாசல். பள்ளிக்கூடத்தில் கடைசிப் பாய்.
வார்த்தை தீர்ந்த இடத்தில் கையைக் காட்டினான்,
தள்ளி, இன்னும் தள்ளி.
அந்தக் கை போன தூரத்தை
நான் அடி அளந்திருக்கிறேன்.
அது முருங்கை மரம்வரை.

"என்னல சொல்லுதான்?"

ஒரு சொல் போதும்.
நாளையிலிருந்து மரத்தடியில் எனக்கொரு துணை.
மறைக்கவில்லை, அது இனித்தது.
அவன் கைச் செம்பை நான் பார்த்த பார்வையெல்லாம்
கல்கண்டாகி நாக்கில் கிடந்தது.

"மழை வருமாங்கான்" என்றேன்.

வயக்காரர் மேற்கே மலையைப் பார்த்தார்.
மலையில் ஒரு பொட்டு மேகமில்லை.
"இதுக்கா இத்தனை நேரம் பேசினான்?"
"அவங்க பாஷை நீளம், அண்ணாச்சி."
என் நூறு ரூபாயையும் சேர்த்தே எழுதினார்.

சாயந்திரம் பம்புசெட்டில் குளிக்கும்போது
அவர் ஏன் மலையைப் பார்த்தார் என்று கேட்டான் நிதாய்.
சொன்னேன்.
தலையைத் தண்ணீருக்குள் விட்டு
வெகுநேரம் வைத்திருந்தான்.
சிரித்தானா என்று தெரியவில்லை.
பிறகு என் சோப்புக்குக் கை நீட்டினான்.

கொடுத்தேன்.
கொடுப்பதற்கு முன்
ஒரு இமைப்பொழுது
என் கை நின்றது.
இரண்டு பேரும் அதைப் பார்த்தோம்.