கீழ்வீட்டுக்காரரின் ஆறாம் கம்பி

பச்சை விளக்கு எரிகிறது.
அதுதான் எரிச்சல்.
எல்லாம் சரியாக இருக்கிறது என்று
கண் சிமிட்டாமல் பொய் சொல்கிறது
சீமைமாதுளை ஜாம் இருந்த தகர டப்பா.

மிதித்தால் மௌனம்.
மறுபடி மிதித்தால் கிதார் வெறும் கிதாராகக் கேட்கிறது.
ஆக, கம்பியில் குற்றமில்லை, ஆம்ப்பில் குற்றமில்லை,
நான் கை வைத்த இடத்தில்தான்.

பேட்டரியை நாக்கில் வைத்தேன். சுள்ளென்றது.
மீட்டர் எட்டு புள்ளி ஒன்பது என்றது,
நாக்கும் கிட்டத்தட்ட அதையே சொன்னது.

ஈயம் பூசின மாதிரியும் இருக்க வேண்டும்
பூசாத மாதிரியும் இருக்க வேண்டும் என்பது
மனிதர்களிடம் செல்லுபடியாகலாம்.
சாலிடரிடம் ஆகாது.
மூன்று இடத்தில் அப்படித்தான் பூசியிருக்கிறேன்,
சால்மன் ஆலையில் இரவு வேலை முடித்து வந்து
விரல்நுனி மரத்திருந்த நேரத்தில்.
சூடு வைத்தேன். இளகிப் பளபளத்தது.
மிதித்தேன்.
பளபளத்ததோடு சரி.

புன்டா அரெனாஸில் காற்று ஓய்ந்து நான் பார்த்ததில்லை.
கூரைத் தகரம் இராப்பகலாய் அடித்துக்கொள்கிறது.
இந்த ஊரில் சத்தம் போடாமல் இருப்பது
என் டப்பா ஒன்றுதான்.

கதவு தட்டும் ஓசை. கீழ்வீட்டு ஒயார்சோ.
மூன்று மாதமாய் விளக்குமாற்றுக் கட்டையால்
என் தரையை, அதாவது தன் கூரையை, இடிப்பவர்.
கோடு போட்ட இரவு உடை, கம்பளிக் காலுறை.
"நயாதெத், இன்றைக்கு ஏன் ஒன்றும் கேட்கவில்லை?
கட்டையோடு நின்றுகொண்டே இருந்தேன்.
தூக்கம் போய்விட்டது."

எனக்கு வேண்டியிருந்தது மூன்றாவது கை.
கிதாரை அவர் மடியில் வைத்தேன்.
ஆறாம் கம்பி, இதோ, இந்தத் தடித்தது,
போதும் என்கிறவரை மீட்டுங்கள்.
சுங்க அலுவலகத்துக்காரர்,
ரசீது எங்கே என்பதுபோல் பார்த்தார். மீட்டினார்.
டும். டும். ஆணி அடிக்கும் தாளம்.

கம்பி நுனியில் கெபாசிட்டர் ஒன்றைப் பற்றவைத்து
மறுநுனியை ஆம்ப்பில் செருகினால் அவன்தான் ஒற்றன்.
தொட்ட இடத்தில் நடப்பதை வந்து சொல்லிவிடுவான்.
நுழைவாயில்: டும்.
முதல் மின்தடைக்கு அப்பால்: டும், கொஞ்சம் மெலிந்து.
டிரான்சிஸ்டரின் நடுக்கால்: டும்.
அடுத்த கால்:
"ஜலசந்தியின் கிழக்கு வாயிலில் மேலைக்காற்று,
நாற்பது நாட், சிறு படகுகள் வெளியேற வேண்டாம்."

ஒயார்சோ கம்பியை விட்டுவிட்டார்.
"யாரது?"
துறைமுக வானொலி.
என் டப்பாவை ரேடியோ என்று நினைத்துவிட்டது.
"விடிந்தால் என் மைத்துனன் படகு எடுக்கிறானே!"
போனோடு மூலைக்குப் போனார்,
பத்து நிமிஷம் சண்டை.

அந்தப் பத்து நிமிஷத்தில் கண்ணில் பட்டது:
டிரான்சிஸ்டரைத் திருப்பிப் போட்டிருக்கிறேன்.
சுவரைப் பார்க்க வேண்டிய தட்டை முகம்
இரண்டு வாரமாய் என்னைப் பார்த்துக்கொண்டு
சும்மா இருந்திருக்கிறது.
பிடுங்கினேன், திருப்பினேன்,
மூன்று காலையும் நட்டேன்.

"போகமாட்டானாம்," என்று திரும்பி வந்து
பழைய ஞாபகத்தில் ஒரு மீட்டு மீட்டினார்.
டும் இல்லை.
சரளைமேல் நங்கூரத்தை இழுத்துப் போவதுபோல் ஒன்று.
கிதாரைப் போட்டுவிட்டு எழப் பார்த்தார்.

மூடியைத் திருகினேன். மௌனம்.
திறந்தேன். நங்கூரம்.
மூடினேன். மௌனம்.
"அலுவலகத்தில் நானும் இப்படித்தான்," என்றார் ஒயார்சோ.

ஜாக்கின் நாக்கு மூடியின் உட்புறத்தைத் தொடுகிறது.
அவ்வளவுதான். மயிரிழை.
மாத்தே பொட்டலத்தின் அட்டையைக் கிழித்து
இடையில் செருகினேன்.

நாலு திருகையும் இறுக்கித் தரையில் வைத்தேன்.
"இத்தனை நாள் கேட்டது இந்தச் சத்தம்தானா?"
இல்லை, அது இரவல் பெடல். இது இன்னும் மோசம்.
டப்பாவையே பார்த்துக்கொண்டிருந்தார்.
பிறகு காலுறையோடு காலைத் தூக்கினார்.

மணி மூன்றே கால்.
கீழே இடிப்பதற்கு ஆள் இல்லை.